தாமோதரனின் கால்

கடையில் கிடைக்கும் வேகம் கூட்டும் ரெடிமேட் டர்போ கிட்டைப் பூட்டினால் ஸ்போர்ட்ஸ் காரை யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். "ஊரான் காலுக்கெல்லாம் அடங்கறதுக்கு இதென்ன வாடகை வண்டியா?" என்று தாமோதரன், தன் பாதத்தை மட்டுமே அறிகிற டர்போவைச் சொல்லிச் செய்து பூட்டிக்கொண்டான். மனைவி சுகந்தி மிதித்தால் கார் மாட்டுவண்டியாய் நகரும். விருந்தாளிகளைக் கூப்பிட்டு அதைக் காட்டிச் சிரிப்பான்.

கோத்தகிரி மலைப்பாதையில் ஒருநாள் ஓட்டிக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். வேறு வண்டியே வரவில்லை. சுகந்தி பக்கத்து இருக்கையிலிருந்து எட்டி ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். மறு கையால் அவன் முழங்காலை அழுத்தி ஆக்சிலரேட்டரை மிதிக்க வைத்தாள். கார் சீறிக்கொண்டு ஏறியது. வளைவுகளில் விட்டுவிட்டு மறுபடி அமுக்கினாள். வழி நெடுக அவனைத் திட்டிக்கொண்டே போனாள்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தவன், "பாத்தியா, என்ற காலுக்குத்தான் ஏறுச்சு" என்றான்.

"உங்க கால் செத்துக் கெடந்துச்சுங்க. அமுக்குனது என்ற கை."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "சரி, வண்டியில எங்கியாச்சும் கீறல் விழுந்துச்சா?"

சுகந்தி அவன் அண்ணனுக்குப் போன் செய்து வரச் சொல்லிவிட்டு, தன் அம்மா வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள்.