டெஸ்ஸாவின் நாற்காலி

அன்று காலை பெய்தது மழையா, வெறும் மூடுபனியா என்று இப்போது கேட்டால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால், பள்ளி நிர்வாகத்தின் முத்திரை போட்ட வெள்ளைக் கார் அந்தக் குடியிருப்பின் வாசலில் வந்து நின்றதிலும், லொரெய்ன் டிவியை அணைத்துவிட்டு மகளை இழுத்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்ததிலும் சந்தேகமே இல்லை.

"மூச்சு விடாத," என்றாள் மகளின் காதில்.

டெஸ்ஸாவுக்கு ஒன்பது வயது. செப்டம்பரில் பள்ளி திறந்தபோது சில நாட்கள் போனதோடு சரி. லொரெய்னுக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை. விடிந்து வந்து படுத்தால் பள்ளிப் பேருந்து வந்து போவதே தெரியாது. விழித்திருந்து கிளப்பப் பார்த்த நாட்களிலும் டெஸ்ஸா போர்வைக்குள் புகுந்துகொண்டாள். அவள் வாய்விட்டுப் படித்தால் வகுப்பே சிரிக்கிறதாம்.

கீழ்த்தளத்து ரோண்டாவைப் போன குளிர்காலத்தில், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத இதே குற்றத்துக்காகத்தான் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். கோர்ட் பிரித்தெடுத்த அவளுடைய மகன் இப்போது முன்பின் தெரியாத யாரோ வீட்டில் வளர்கிறான்.

கதவு தட்டப்பட்டது. நிதானமான தட்டல். பிறகு வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. குழாயிலிருந்து சொட்டும் நீர் வெளியே கேட்டுவிடுமோ என்று லொரெய்ன் பயந்தாள்.

"நான் நல்லாப் படிக்கலேன்னுதான் பிடிச்சிட்டுப் போக வந்திருக்காங்களாம்மா?" டெஸ்ஸா முணுமுணுத்தாள்.

"ச்சூ. பேசாத."

"லொரெய்ன்! உள்ளதான் இருக்கீங்கன்னு தெரியும். உங்க கார் கீழ நிக்குது." தலைமையாசிரியர் ஹால்வர்சனின் குரல்.

இனி ஒளிந்து பயனில்லை. அவள் கதவைத் திறந்தாள். ஹால்வர்சன் கையில் ஒரு டோனட் பெட்டி. அவர் பக்கத்தில் வருகைப் பதிவு பார்க்கும் பிரூயிட், கைக்கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றிருந்தாள்.

"சார், நான் விளக்கமாச் சொல்லிடறேன். எனக்கு நைட் ஷிஃப்ட்டு. காலையில..."

"விளக்கம் யாரு கேட்டா? பொண்ணு எங்க? ஷூவை மாட்டச் சொல்லுங்க."

"அவளை எங்க கூட்டிட்டுப் போறீங்க?"

"பள்ளிக்கூடத்துக்குத்தான். பின்ன நிலாவுக்கா?" என்றாள் பிரூயிட். "தலை வாரலேன்னாலும் பரவாயில்ல. கிளம்புங்க, கிளம்புங்க."

"நானும் வருவேன். தனியா அனுப்ப மாட்டேன்."

"தாராளமா வாங்க."

காரின் பின் இருக்கையில் லொரெய்ன் மகளின் கையை விடவே இல்லை. இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஹால்வர்சன் பெட்டியைப் பின்னால் நீட்டினார். "எடுத்துக்க, சாம்பியன்!"

டெஸ்ஸா தொடவில்லை. ரோண்டாவிடமும் முதலில் இப்படித்தான் இனிக்க இனிக்கப் பேசினார்களாம்.

பள்ளி வாசலில் பலூன்கள் கட்டியிருந்தார்கள். உள்ளே தாழ்வாரம் முழுக்கப் பீட்சா வாசனை. பிரூயிட் டெஸ்ஸாவை ஏறக்குறைய ஓட்டமாகவே வகுப்புக்கு இழுத்துப் போனாள். லொரெய்ன் தலைமையாசிரியர் அறைக்கு வெளியே, சிறிய முன்னறையில் உட்கார்ந்தாள்.

எதிர்ச் சுவரில் வட்டாரப் பள்ளிகளின் மாநிலப் பரீட்சை மதிப்பெண் வரைபடம். எல்லாவற்றையும்விடக் குட்டையாக, சிவப்பில் இருந்த கட்டம் இந்தப் பள்ளியுடையது. அந்தச் சிவப்பில் தன் மகளுக்கும் பங்குண்டு என்று நினைத்தபோது அவள் தலை தானாகக் குனிந்தது.

உள்ளே ஹால்வர்சன் ஃபோனில் பேசுவது கேட்டது. "ஆமா, கடைசி ஆளையும் பிடிச்சாச்சு. தாயும் கூடவே வந்திருக்கா."

அவர் வெளியே வந்ததும் லொரெய்ன் எழுந்து நின்றாள்.

"சார், கோர்ட்டுக்கு மட்டும் அனுப்பிடாதீங்க. எனக்குன்னு இருக்கறது அவ ஒருத்திதான். எங்கிட்டருந்து பிரிச்சிடாதீங்க."

"கோர்ட்டா?" அவர் திகைத்துப்போய்ப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "அடக் கடவுளே! இன்னிக்குத் தலை எண்ணுற நாள், லொரெய்ன். இன்னிக்கு வகுப்புல எத்தனை பிள்ளைங்க உக்காந்திருக்கோ, அத்தனை பேருக்குத்தான் மாநிலம் வருஷம் பூராவும் பணம் தரும். மார்க் கம்மின்னு இந்தப் பள்ளிய மூடிடலாமான்னு கல்வி போர்டுல ஏற்கெனவே பேச்சு. ஒவ்வொரு பிள்ளையும் எங்களுக்குத் தங்கம். உங்க டெஸ்ஸாவும்தான்."

லொரெய்னின் மகளை இதுவரை யாரும் தங்கம் என்று சொன்னதில்லை. வாரக்கணக்கில் சுமந்த பயம் இறங்க, அவளும் நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் ஷிஃப்ட்டை மாத்திக்கறேன் சார். இனிமே ஒரு நாள் விடாம அனுப்பறேன். நானே உக்காந்து படிக்க வைக்கறேன். ஏப்ரல்ல மாநிலப் பரீட்சை வருதில்ல? தப்பும் தவறுமாவாவது அவ எழுதிடுவா சார். கண்டிப்பா எழுதுவா."

ஹால்வர்சனின் சிரிப்பு மெல்ல மறைந்தது. அவர் பார்வை எதிர்ச் சுவருக்குப் போய், அந்தச் சிவப்புக் கட்டத்தில் நின்றது. எழுந்து போய்த் தாழ்வாரத்துக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தார்.

"லொரெய்ன்," என்றார் தணிந்த குரலில். "பரீட்சை வாரத்துல அவ வரலேன்னா, யாரும் வந்து கதவைத் தட்ட மாட்டோம்."