ஏற்றத்தில் ஒரு சோற்று டப்பா

“ஏம்மா, டப்பாவ வெச்சாச்சா?”

கேத்தி மலைரோட்டு ஏற்றத்தின் நடுவில் நின்ற காருக்குள்ளிருந்து டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் ரவிக்குமார் அதட்டினார். குரங்குக் குல்லாயோடு அவர் சீட்டை விட்டு அசைவதில்லை. பனிமூட்டத்தில் இறங்கி நிற்பதெல்லாம் படிக்க வந்தவர்களின் வேலை.

ஜானகி பின்சீட்டில் கிடந்த இரண்டு சோற்று டப்பாக்களில் ஒன்றை எடுத்துப்போய்ப் பின்சக்கரத்தை ஒட்டி வைத்தாள்.

இது மாஸ்டரின் சொந்தக் கண்டுபிடிப்பு. ஏற்றத்தில் வண்டியைக் கிளப்பும்போது ஒரு சாண் பின்னால் உருண்டாலும் மத்தியானச் சோறு போச்சு. வயிற்றுக்குப் பயம் வந்தால் காலுக்குக் கிளட்ச் தானாக வரும் என்பார்.

முதல் மூன்று நாளும் ஜானகியின் தக்காளிச் சோறு ரோட்டில்தான் கிடந்தது. அழுதுகொண்டே வீடு போனாள். வருகிற திங்கட்கிழமை லைசென்ஸ் டெஸ்ட். தேறினால் எஸ்டேட்டில் ஜீப் ஓட்டும் வேலை, இல்லாவிட்டால் பழையபடி கொழுந்துக் கூடை.

நான்காம் நாளிலிருந்து வண்டி இம்மியும் பின்னால் நகரவில்லை. தன் வைத்தியம் பலித்த கதையை மாஸ்டர் குன்னூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லித் தீர்த்தார்.

இன்றும் வண்டி அழகாகத்தான் ஏறியது. ஆனால் பாராட்டிவிட்டால் அவர் எப்படி மாஸ்டர்? இப்படி ஊர்ந்தால் டெஸ்டில் சிரிப்பார்கள், இறங்கு, நான் காட்டுகிறேன், டப்பாவை மறுபடி வை என்றார்.

“வேண்டாங்க மாஸ்டர்.”

சோற்றுக்குப் பயப்படுகிறாள் என்று மாஸ்டருக்கு ஒரே சந்தோஷம். பிடிவாதமாக வைக்கச் சொன்னார். வைத்தாள்.

இறங்காமல் உட்கார்ந்தபடியே டிரைவர் சீட்டுக்கு நகர்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்த மாஸ்டர், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டித் தன் இருபத்திரண்டு வருஷ அனுபவத்தை ஆரம்பத்திலிருந்து விவரித்தபடியே ஹேண்ட் பிரேக்கை விட்டார். அனுபவம் நாலாவது வருஷத்தைத் தொடுவதற்குள் என்ஜின் இருமி நின்றது.

வண்டி பின்னால் உருண்டது.

நறுக்.

ஒருவேளைப் பட்டினியில் யாரும் செத்ததில்லை என்று அவளுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே, மாஸ்டர் அந்த வாரத்தில் முதல்முறையாகக் கீழே இறங்கினார்.

நசுங்கிய மூடியில் புள்ளி புள்ளியாக ஒரு பெயர் வெட்டியிருந்தது: சுமலதா.

அவருடைய மனைவி. கல்யாணச் சீரில் வந்த டப்பா.

ஜானகி தலையைக் குனிந்துகொண்டாள்.

“நாலு நாளா உங்க டப்பாவத்தானுங்க வெக்கிறேன். என்ற சோத்துக்குப் பயமில்லாததால காலு நடுங்கவே இல்லீங்க.”