அட்டையில் இல்லாத ஆள்

மழைக்கு முந்திய மதியம், காற்றே இல்லை. பழைய சாமான் கடையிலிருந்து தூசி தட்டி எடுத்துவந்த ஹார்ட் ராக் இசைத்தட்டைச் சுழலவிட்டிருக்கிறாள் சித்தியின் அக்கா மகள். பல வருடமாக யாரும் சீண்டாத தட்டு. கிட்டார் வீட்டையே பிறாண்டுகிறது. ஜன்னலோரம் சித்தி தையல் மெஷினில் திரைச்சீலைக்கு ஓரம் அடிக்கிறாள். மெஷினை மிதிக்கிறாளா, உதைக்கிறாளா என்று தெரியவில்லை. நூல்கண்டு துள்ளுகிறது, கத்தரிக்கோல் மேசை விளிம்புக்கு நகர்கிறது. பாட்டு நடுவில் சட்டென்று நிற்கிறது. அதற்கு ஒரு நொடி முன்பே சித்தியின் கால் நின்றுவிடுகிறது. மறுபடி டிரம்ஸ் இடிக்கும்போது கால்தான் முதலில் விழுகிறது.

“சித்தி, இந்தப் பாட்டு உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“துணியைப் பிடிடி, வழுக்குது.”

அக்கா மகள் தட்டின் அட்டையைத் திருப்புகிறாள். நீளமுடி வைத்த மூன்று ஆண்கள், மூன்று பெயர்கள். “டிரம்ஸ் வாசிச்சது யாருன்னு போடவே இல்லையே?”

“பொண்ணு பேரைப் போட்டா கல்யாணம் நடக்காதுன்னு உங்க தாத்தாதான் எடுக்கவச்சார். எடுத்தாங்க. கல்யாணமும் நடக்கல.”

தட்டு முடிந்து முள் வெறுமனே கரகரக்கிறது. திரைச்சீலை நழுவித் தரையில் கிடக்கிறது. துணியில்லாத இடத்தில் ஊசி குத்திக்கொண்டே இருக்கிறது. சித்தியின் கால் நிற்கவில்லை.