வாடகை மைக்ராஸ்கோப்

"வாணி மேடம், மூஞ்சில கொஞ்சம் சிரிப்பு வெச்சுக்கோங்க. கமிட்டிக்காரங்க கேட்டாண்ட வந்துட்டாங்க!"

காலேஜ் கரஸ்பாண்டென்ட் முனிரத்தினம் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் ஓடினார்.

மாரிகுப்பம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் காலேஜில் அன்றைக்குத் திருவிழாதான். வாசலில் மாவிலை, மாடிப்படியில் பினாயில் வாசனை.

ஒரு வருஷத்துக்குள் லேப் வைத்துவிடுகிறேன் என்று எழுதிக்கொடுத்துத்தான் முனிரத்தினம் பி.எஸ்ஸி. தொடங்க அனுமதி வாங்கியிருந்தார். வருஷம் ஓடிப்போச்சு. அதைச் சரிபார்க்கத்தான் இன்றைக்கு யுனிவர்சிட்டி கமிட்டி வருகிறது. லேப் வைத்தாரா? அட, நீங்க வேற! நேற்று ஒரு வேன் நிறைய மைக்ராஸ்கோப்பும் கண்ணாடிக் குடுவையும் வந்து இறங்கின. எல்லாம் ஒருநாள் வாடகை.

"கேட்டா, எல்லாம் நம்மளுதுன்னு சொல்லிடுங்க. இன்னா மேடம், புரிஞ்சுதா?"

வாணி தலையாட்டினாள். அவள் அங்கே தாவரவியல் லெக்சரர். விடிகாலை ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு ஓடிக்கொண்டிருந்தவளுக்குச் சொந்த ஊரிலேயே வேலை கொடுத்தவர் முனிரத்தினம். வாயைத் திறந்தால் அந்த வேலை அம்போதான்.

லேப்பில் பிள்ளைகள் வெங்காயத் தோலை உரித்துக் கண்ணாடியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். பூதிகோட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் இந்து, லென்ஸில் கண்ணை வைத்ததுதான் தாமதம், கத்தியே விட்டாள்.

"ஐயோ மிஸ்! இன்னா மிஸ் இது! செங்கல் அடுக்கி வெச்ச மாதிரியே தெரியுது!"

"ஏய், தள்ளுடி! நானும் பாக்கணும்!"

ஒரே தள்ளுமுள்ளு. இத்தனை நாளும் வாணி போர்டில் சாக்பீஸால் வரைந்து காட்டிய செல்லை இன்றைக்குத்தான் கண்ணால் பார்க்கிறார்கள். அந்த முகங்களைப் பார்த்து வாணிக்கே சந்தோஷம் தாங்கவில்லை.

"மிஸ், இது நாளைக்கும் இங்கயேதான இருக்கும்? எங்க தோட்டத்துல இருந்து கனகாம்பர இலை கொண்டாறேன்" என்றாள் இந்து.

வாணி குனிந்து அடுத்த வெங்காயத் தோலை உரித்தாள்.

அதற்குள் கமிட்டி உள்ளே வந்துவிட்டது. தலைவர் மனோகர் இருக்கிறாரே, மகா கறார். டேப்பைப் பிடித்து வகுப்பறையை அவரே அளந்தார். கக்கூஸ் குழாயைத் திருகித் தண்ணீர் வருகிறதா என்று பார்த்தார். இளநீர் நீட்டினால், "வேண்டாம்." சால்வையா, "எடுத்துட்டுப் போங்க." பக்கத்து அறையில் பிரியாணி கமகமக்க, மனுஷன் தன் டிபன் பாக்ஸைத் திறந்து தயிர் சாதம் சாப்பிட்டார்!

முனிரத்தினத்துக்கு வேர்த்துக் கொட்டியது. வாணிக்கோ மனசு துள்ளியது. இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு ஆளா! இவரிடம் உண்மையைச் சொன்னால் என்ன? லேப் இல்லை என்று இவர் எழுதிவிட்டால் போதும். லேப் சாமான் வாங்கி வைக்கிற வரைக்கும் புதுசாக ஒருத்தரையும் சேர்க்க முடியாது. அதுதான் சட்டம். முனிரத்தினம் அலறி அடித்துக்கொண்டு வாங்குவார்.

சாப்பாடு முடிந்து மனோகர் தனியாக லேப்புக்கு வந்தார். ஒரு மைக்ராஸ்கோப்பைத் தூக்கி, திருப்பி, லென்ஸைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தார்.

வாணி அவர் பக்கத்தில் போனாள். போனால் போகிறது வேலை!

"சார், ஒரு நிமிஷம்."

"சொல்லுங்கம்மா."

"இதெல்லாம் எங்களுது இல்ல சார். வாடகைக்கு எடுத்தது. சாயங்காலம் திரும்பப் போயிடும். நான் சொன்னேன்னு தெரிஞ்சா என் வேலை போயிடும், போகட்டும். நீங்க உள்ளபடி எழுதுங்க சார். எங்க புள்ளைங்க பாத்துப் படிக்கணும்."

படபடவென்று கொட்டிவிட்டாள். சொல்லிவிட்டோம், சொல்லியே விட்டோம் என்று உடம்பெல்லாம் சிலிர்த்தது.

மனோகர் லென்ஸை மறுபடி மாட்டினார். வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தெரியும்மா. பேக் பண்ணும்போது மட்டும் கூடவே நின்னு கொஞ்சம் பாத்துக்கோங்க, போன தடவையே ரெண்டு லென்ஸ் உடைஞ்சுபோச்சு. நாளைக்கு இதெல்லாம் வேணும், நான் பிரின்சிபாலா இருக்கிற காலேஜுல இன்ஸ்பெக்ஷன்."