வானிலை காரணமாக

விமான நிலையக் கவுன்ட்டரில் மனைவி போட்ட சத்தத்தில், மூன்றாவது வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்த மெக்கானிக்கின் தலை தாழ்ந்துகொண்டே போனது. இன்னும் கொஞ்சம் தாழ்ந்தால் சொந்தச் சட்டைப் பைக்குள்ளேயே நுழைந்துவிடுவார் போலிருந்தது.

"வானிலை சரியில்லையா? எங்கே, அந்த வானிலையை எனக்குக் கொஞ்சம் காட்டுங்க, பாப்போம்!"

கண்ணாடிச் சுவருக்கு வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. ஓடுபாதை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்த விமானம், பயணிகளை இறக்கிவிட்டு நாலு மணி நேரமாக அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

"சக்கரத்துக்கு அடியில மூணு பேர் குந்திக்கிட்டு டார்ச் அடிச்சுப் பாக்குறாங்க. மழை என்ன, சக்கரத்துக்குள்ளயா பெய்யுது?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். கவுன்ட்டர்காரருக்குச் சிரிப்பு வரவில்லை.

"மேடம், மேலேர்ந்து என்ன சொல்றாங்களோ அதைத்தான் நான் சொல்ல முடியும். கம்பெனி பக்கம் கோளாறுன்னா நஷ்டஈடு உண்டு. வானிலைன்னா கிடையாது. அதான் விதி."

"அந்த விதி தெரிஞ்சுதானே வானிலைங்கிறீங்க!"

அவள் தனக்காகச் சண்டை போடவில்லை. கணவருக்கு இதே கம்பெனியில் விமானம் பழுதுபார்க்கும் வேலை. இருவரும் ஊழியர் சலுகை டிக்கெட்டில் வந்தவர்கள். விமானம் பறந்தாலும் நின்றாலும் அவர்களுக்குச் சல்லிக்காசு கிடையாது.

பக்கத்து சீட்டில் வந்த நர்ஸ் பெண்ணுக்காகத்தான் இவ்வளவும். பதினோரு மணிக்குப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் அவளுக்கு இன்டர்வியூ. இப்போது மணி பன்னிரண்டரை.

போன் செய்து கெஞ்சியதற்கு, "உங்க பேர்ல தப்பில்லை, விமானக் கோளாறுதான்னு கம்பெனிகிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. நாளைக்கு ஒரு நேரம் தர்றோம். வானிலை, டிராஃபிக்னெல்லாம் கதை சொல்லாதீங்க" என்று வைத்துவிட்டார்கள். அந்தப் பெண்ணின் கைக்குட்டை அப்போதிலிருந்து ஈரமாகவே இருந்தது.

மனைவி கவுன்ட்டரை விட்டுக் கணவரிடம் வந்தாள்.

"என்னங்க, நீங்க வாயைத் திறந்தா குறைஞ்சா போயிடுவீங்க? இருபது வருஷமா இதே வேலைதானே பாக்குறீங்க. இது மழையா, ரிப்பேரான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நான் லீவுல இருக்கேன்மா."

"வாய்க்குமா லீவு?"

பின்னால் நின்ற பெரியவர் ஒருவர், பக்கத்தில் இருந்தவரிடம் சொல்வது போல எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். "பொழப்பு போயிடும்னு பயம். பொண்டாட்டிக்கு இருக்குற தைரியத்துல கால்வாசி இல்லை."

கணவரைத் தான் திட்டலாம், வேறொருவர் திட்டலாமா? அவள் சட்டென்று திரும்பினாள்.

"என் வீட்டுக்காரரைப் பத்தி உங்களுக்கு என்னங்க தெரியும்? வேலை வேலைன்னு உயிரை விடுற மனுஷன். மூணு வருஷம் கழிச்சு இப்பத்தான் என் தங்கச்சி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறார். பெட்டி கட்ட ஆளில்லைன்னு நான் நச்சரிச்சதுல, நேத்துதான் முதல் தடவையா ஷிஃப்ட் முடிய ஒரு மணி நேரம் முன்னாடியே வீட்டுக்கு ஓடி வந்தார். அதுவே எனக்கு அதிசயம்!"

மெக்கானிக் தன் விரல் நகங்களில் ஒட்டியிருந்த கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை சோப்பு போட்டாலும் போகாத கறுப்பு அது.

நர்ஸ் பெண் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்கக்கா. எனக்காகச் சாருக்கு ஏன் வம்பு? எனக்குக் கொடுத்து வச்சது அவ்வளவுதான்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்தப் பெண் அவருக்காகப் பரிதாபப்பட்டதும், வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

கவுன்ட்டர்காரர் பிரச்சினையை முடித்துவிடப் பார்த்தார். எந்த மெக்கானிக்கும் முன்வரமாட்டார் என்ற தைரியத்தில் குரலை உயர்த்தினார்.

"சும்மா கத்தினா ஆகுமா? கோளாறுதான்னு மெக்கானிக் யாராவது எழுதிக் கையெழுத்துப் போடட்டும். அடுத்த நிமிஷம் எல்லாருக்கும் கடிதம் தர்றேன்."

மெக்கானிக் எழுந்தார். நாலு மணி நேரத்தில் அவர் எழுந்தது அதுதான் முதல் முறை.

மனைவியின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படி வாங்க!" என்றவள், பெரியவரைப் பார்த்துச் சொன்னாள். "என் வீட்டுக்காரர்னா சும்மாவா? இவர் கையெழுத்து இல்லாம இங்கே ஒரு விமானமும் கிளம்பாது, தெரியுமா?"

மெக்கானிக் கவுன்ட்டரில் இருந்த தாளை இழுத்து எழுதினார். 'இடது பக்கச் சக்கரம். பிரேக் குழாயில் எண்ணெய்க் கசிவு. வானிலை காரணம் அல்ல.'

கவுன்ட்டர்காரர் பதறிப்போய் அவர் கையைப் பிடித்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அண்ணே, நம்ம ஆளாச்சேன்னு சொல்றேன். இது உங்க வேலைக்கே உலை வச்சிடும். விமானத்தை விட்டு இறங்கினதுலேர்ந்து நீங்க அந்த நாற்காலியை விட்டே எழுந்திருக்கலை. விமானத்துப் பக்கமே போகாம, இடது சக்கரம், பிரேக் குழாய்னு எழுதுறீங்க. பாக்காம எப்படிண்ணே கையெழுத்துப் போடுவீங்க?"

மனைவி பெருமையோடு பக்கத்தில் வந்து நின்றாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பேனாவை அழுத்திக் கையெழுத்தைப் போட்டுவிட்டுச் சொன்னார்.

"இதே சக்கரத்துக்கு நேத்தும் பாக்காமத்தான் போட்டேன்."