கேம்ப்புக்கு வராதவர்

சாம்சன் மட்டும் வரமாட்டேன் என்றான்.

கம்பெனியே பஸ் வைத்து, மாமல்லபுரம் தாண்டிக் கடற்கரையில் கூடாரம் போட்டு, சனி ஞாயிறு இரண்டு நாளும் விருந்து வைத்து, குடும்பத்தோடு வா என்று கூப்பிடுகிறது. ஒரகடத்தில் எந்த ஆலை இப்படிக் கூப்பிடும்? லைனில் இருந்த எல்லாரும் பெண்டாட்டி பிள்ளைகளோடு பேர் கொடுத்துவிட்டார்கள். இவன் ஒருவன்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான்.

காரணம் இல்லாமல் இல்லை. அந்த ஆலையில் காருக்கு டேஷ்போர்டு வார்க்கிறார்கள். வேலையை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று கொஞ்ச நாளாகவே பேச்சு. மோல்டு என்கிற வார்ப்பு அச்சுகளை லாரியில் ஏற்றிவிட்டால் போதும், அப்புறம் இங்கே நிற்கிற மிஷின் வெறும் இரும்பு. அதனால் ஷிஃப்ட் முடிந்தவர்கள் முறை வைத்து ஆலை கேட்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். லாரி வந்தால் போன் போட வேண்டும், எல்லாரும் ஓடிவந்து மறிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த சனி ஞாயிறு சாம்சனின் முறை.

நீ இல்லாவிட்டால் ஆலையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார்களா என்று லைனில் கிண்டல் செய்தார்கள். வீட்டில் அதைவிட மோசம். ஆறு வயது நிலா கடலை டிவியில்தான் பார்த்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமையும் ஓ.டி. பார்க்கிற அப்பனுக்குப் பிறந்தால் வேறு எப்படிப் பார்ப்பது?

"கொழந்த தெரு பூரா சொல்லிக்கினு திரியுது, எங்கப்பா கடலுக்கு இட்டுனு போறாருன்னு," என்றாள் அவன் மனைவி சத்யப்பிரியா. "நீ பேசாம அந்த கேட்டையே கட்டிக்கினு குடும்பம் நடத்து."

டில்லிபாபுதான் வழி சொன்னார். அவர் சூப்பர்வைசர். ஆனால் இதே லைனில் நின்று மேலே போனவர். சாம்சனுக்குத் தொழில் பழக்கியவர், நிலா பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கூடவே நின்றவர்.

"நீ போடா. உன் முறைக்கு நான் உக்கார்றேன்," என்றார்.

"உங்க வூட்லயும் கேம்ப்புக்குக் கெளம்பினு இருக்காங்களேண்ணா."

"அவங்க உங்களோட வரட்டும். மோல்டு போச்சுன்னா உன் சோறு மட்டுமா போவுது? என் சோறும்தான்டா."

சாம்சன் கேம்ப்புக்குப் பேர் கொடுத்தான். பையை எடுத்து வைத்தான்.

சவுக்குத் தோப்பை ஒட்டிக் கூடாரங்கள். நிலா முதலில் அலையைப் பார்த்து அழுதாள். பிறகு, தண்ணீரை விட்டு வரமாட்டேன் என்று அழுதாள். சாம்சன் அவளைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நின்றான். இத்தனை நாள் இதைக்கூடச் செய்யாமல் நான் என்ன அப்பன் என்று உள்ளே உறுத்தியது.

கயிறு இழுக்கும் போட்டி நடந்தது. வஞ்சிரம் வறுத்துப் போட்டார்கள். கம்பெனி மேலாளர் மைக் பிடித்து, நாமெல்லாம் ஒரே குடும்பம் என்றார். கைதட்டினார்கள். சாம்சனும் தட்டினான்.

சாயங்காலம் மனசு கேட்காமல் டில்லிபாபுவுக்குப் போன் போட்டான்.

"ஒண்ணும் இல்லடா, காத்தாட உக்காந்துகினு கீறேன்," என்றார் அவர். "சும்மா சும்மா போன் பண்ணாம புள்ளையோட இரு."

டில்லிபாபுவின் மனைவி காந்திமதி பக்கத்துக் கூடாரத்தில் இருந்தாள். எங்கள் வீட்டுக்காரர் எப்போதுமே அப்படித்தான், நாலு பேருக்கு ஒன்று என்றால் தன் சுகத்தைப் பார்க்கமாட்டார் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சத்யப்பிரியா முழங்கையால் புருஷனை இடித்தாள். "மனுசன்னா அவுரு. கத்துக்கோ," என்றாள்.

சாம்சனுக்குக் கோபம் வரவில்லை. உண்மைதானே என்று பட்டது. படுக்கும் முன் ஜெபத்தில் டில்லிபாபுவின் பேரையும் சேர்த்துச் சொன்னான்.

திங்கட்கிழமை காலை ஷிஃப்டுக்குப் போனபோது மிஷின்கள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. உள்ளே மோல்டு ஒன்றுகூட இல்லை. மறு அறிவிப்பு வரும்வரை லைன் இயங்காது என்று சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. சிலர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவன் மேலாளர் அறைக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தான். உள்ளே ஆள் இல்லை.

சாம்சனுக்கு வேலை போன நினைப்புக்கூட அப்போது வரவில்லை. டில்லிபாபுவுக்கு என்ன ஆனதோ என்றுதான் நினைத்தான். தனி ஆளாக மறித்திருப்பார். போன் போட விடாமல் பிடுங்கியிருப்பார்கள். கீழே தள்ளியிருப்பார்களோ, அடித்திருப்பார்களோ? என் முறைக்கு உட்கார்ந்த மனுஷன். அவர் நம்பருக்கு அடித்தான். சுவிட்ச் ஆஃப்.

கேட்டுக்கு ஓடினான். வாட்ச்மேன் சுப்பன் நின்றிருந்தார்.

"டில்லிண்ணாவ இன்னாண்ணா பண்ணாங்க? அடிச்சாங்களா? எந்த ஆஸ்பத்திரில கீறாரு, சொல்லுண்ணா, நான் ஓடிப் பாக்கறேன்."

சுப்பன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவர யாருப்பா அடிக்கப் போறாங்க? வந்த லாரிக்கெல்லாம் பின்னாடி நின்னு, 'வா, வா, ஒடிச்சு வா'ன்னு ரிவர்ஸ் பாத்து வுட்டதே அவுருதான்."