சந்தேகம் கேட்டவள்

இணைய வகுப்பில் மைக்கை அணைத்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் முழுசாகப் பாடம் நடத்திய கதையை இயற்பியல்காரர் சொல்லி முடித்தபோது அரங்கமே சிரித்தது.

ஒரு மாணவன்கூட வாயைத் திறக்கவில்லையாம். கடைசியில் கேட்டதற்கு, வழக்கம்போல நல்லாப் புரிந்தது சார் என்றார்களாம்.

அவருக்கு முன்னால் பேசிய பொருளாதாரக்காரர், தன் அப்பா குளித்துவிட்டு இடுப்பில் துண்டோடு கேமராவுக்குள் வந்து வகுப்புக்கே வணக்கம் வைத்ததைச் சொல்லியிருந்தார்.

அடுத்தது புள்ளியியல் பேராசிரியையின் முறை.

இணையத்திலும் நேரிலும் கலந்து பாடம் நடத்தக் கற்றுக்கொண்ட அனுபவத்தை ஆசிரியர்கள் ஆளுக்குக் கொஞ்ச நேரம் பேச வேண்டும் என்பது டீனின் ஏற்பாடு. மாணவர்கள் சிலரையும் அழைத்துப் பின்வரிசையில் உட்கார வைத்திருந்தார்.

பேராசிரியைக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் சராசரி மேடம். அது அவருக்கும் தெரியும். ஆனால் இந்த வருடம் சிறந்த இணையப் பாடத்துக்கான விருது சராசரி மேடத்துக்குத்தான் போயிருந்தது. அந்த மிதப்பு நடையில் தெரிந்தது.

ஆரம்பத்தில் பட்ட பாட்டை அவர் ஒளிக்கவில்லை. எதை எங்கே அமுக்குவது என்று மருமகள்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள் என்றார். கேமராவைப் பார்த்தாலே நாக்கு உலர்ந்துவிடுமாம். திரை முழுக்கக் கறுப்புக் கட்டங்கள். சுவரோடு பேசுகிற மாதிரி.

ஒரே ஒரு கட்டத்தில்தான் முகம் இருக்கும். கல்யாணமாகிச் சில வருடம் கழித்துப் படிக்க வந்த பெண். அந்த முகத்தைப் பார்த்துத்தான் முதல் பருவத்தையே ஓட்டினேன் என்றார்.

விட்டால் போதும் என்று எல்லோரும் ஓடின பிறகும் அவள் போக மாட்டாள். சந்தேகம் கேட்பாள். தீர்த்து வைத்தால் இன்னொன்று கேட்பாள். வீட்டுக்காரர்கூடச் சில நாள் அவள் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஒரு ஆள் கட்டணத்தில் ரெண்டு பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன் என்று பேராசிரியை சொன்னதும் மறுபடி சிரிப்பு.

பிறகு பயிற்சிக்குப் போனார். இணையத்தில் நீட்டி முழக்கக் கூடாது என்று அங்கே கற்றுக்கொண்டார். விளக்கத்தையெல்லாம் முன்கூட்டியே பதிவு செய்து ஏற்றிவிட்டு, நேரலை வகுப்பைப் பாதிக்கும் கீழே குறைத்தார். சந்தேகங்களை எழுதி அனுப்பச் சொன்னார். மாணவர்கள் கையெடுத்துக் கும்பிடாத குறை.

முழு வகுப்பு வேண்டும் என்று எழுதி அனுப்பியவள் அவள் ஒருத்திதான். போகப் போக அவளையும் பழக்கிவிட்டேன் என்று முடித்தார்.

கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

அந்தப் பெண்ணும் பின்வரிசையில்தான் இருந்தாள். டீன் அவளை எழுப்பி ரெண்டு வார்த்தை பேசச் சொன்னார். மேடம் சொன்னதெல்லாம் நடந்ததுதான், அவர்களுடைய வகுப்புக்கு நன்றி என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்துவிட்டாள்.

தேநீருக்கு விட்டதும் பேராசிரியை அவளைத் தேடிக்கொண்டு போனார். ஜன்னலோரமாகத் தனியே நின்றிருந்தாள். வீட்டுக்காரர் சௌக்கியமா என்று விசாரித்தார். இப்போது அக்கா வீட்டோடு இருப்பதாகச் சொன்னாள். மேற்கொண்டு என்ன கேட்பது என்று தெரியாமல், பேச்சை லேசாக்குவதற்காக, அப்படி என்னதான் சந்தேகம் தீராமல் இருந்தது உனக்கு என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

அவள் கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

"சந்தேகமெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம். நீங்க திரையில இருக்கிற வரைக்கும் அவர் கை நீட்ட மாட்டார்."

பஸ் நேரம் சொல்கிற மாதிரி சொன்னாள்.

பேராசிரியைக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது கையில் இருந்த தேநீரை என்ன செய்வது என்று தெரியவில்லை.

மேடையில் அவர் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. சொல்கிற அளவுக்கு அது பெரிதாகவும் தோன்றியிருக்கவில்லை.

வகுப்பைச் சுருக்கிய புதிதில் ஒரு நாள், எல்லோரும் போன பிறகு அவள், முந்தின வாரம் கேட்டதையே திரும்பவும் கேட்டாள். எல்லாம் பதிவில் இருக்கும்மா, போட்டுப் பாரு என்று சொல்லி, அவள் அடுத்த வார்த்தை எடுப்பதற்குள் இவர் இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

அதற்கப்புறம் சில வகுப்புகளுக்கு அவளுடைய கட்டமும் கறுப்பாகவே இருந்தது. பெயர் கூப்பிட்டால் குரல் மட்டும் வரும்.

சரி, இவளும் மற்றவர்களைப் போல ஆகிவிட்டாள் என்று இவர் நினைத்துக்கொண்டார். முகம் காட்டுகிறவர்களுக்கென்று கொஞ்சம் மதிப்பெண் வைத்திருந்தார். அதை வாங்கிக்கொண்டிருந்த ஒரே ஆள் அவள்தான். விதி எல்லோருக்கும் ஒன்றுதானே என்று அதையும் எடுத்துவிட்டார்.

ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்க வாயெடுத்தார். முழு வகுப்பு வேண்டும் என்று அவள் எழுதி அனுப்பியதைச் சற்றுமுன் மேடையில் தானே சொன்னது நெஞ்சில் இடிக்க, அதை அப்படியே விழுங்கிக்கொண்டார்.

அவர் முகம் போன போக்கைப் பார்த்து அந்தப் பெண்ணுக்குத்தான் பாவமாக இருந்தது. மெல்ல அவர் கையைப் பிடித்தாள்.

"நீங்க ஒண்ணும் பண்ணல, மேடம்."

ஆறுதலாகத்தான் சொன்னாள்.